கடாரத்தில் ஒட்டகம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் கட்டிய காகிதக் கொடி மழையில் வெளுத்துவிட்டது, ஆனாலும் அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. கதைப் பைத்தியம் மட்டும் நிற்கவில்லை.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி, தமிழ்நாட்டு வார இதழ் ஒன்றில் வந்த சரித்திரத் தொடர்கதையைக் கிழித்துத் தைத்து, மாவுச் சாக்குத் துணியில் அட்டை போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு வாரம் என்று அது சுற்றி வரும். என் முறையும் வந்தது.

சோழர் காலத்துக் கதை. குதிரை, சுரங்கம், மாறுவேடம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் எவனாவது கத்தியை ஓங்குவான். அது இறங்குகிறதா இல்லையா என்று பார்க்காமல் அடுப்பை எப்படிப் பார்ப்பது? மூன்றாம் முறையாகச் சோறு அடிப்பிடித்த அன்று, என் மாமியார் பொங்கிவிட்டார்.

"நாளைக்கே இது கடைக்காரம்மா வீட்டுக்குப் போயிரணும். இனிமே ஒரு கதப்பொஸ்தகம் இந்த வாசப்படி ஏறக்கூடாது."

என் வீட்டுக்காரர் தட்டில் கருகலைப் பொறுக்கிக்கொண்டே, "அம்மா சொன்னாச் சரிதான்" என்றார். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அது.

மறுநாள் காலை புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை கேட்டார்: "சோறு தீயுற வாசங்கூடத் தெரியாம, அப்படி என்னதான் இருக்கு அதுல?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். கதாநாயகனின் கப்பல் கடாரத்துக் கரையை அடைகிறது.

"கடாரம்னா எது?"

"நம்ம கெடாதான் அத்தை. அந்தக் காலத்துப் பேரு."

கீரை ஆய்ந்த கை நின்றது. அத்தை கெடாவில்தான் பிறந்தவர். பதினைந்து வயதில் மலாக்காவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை.

"நம்ம ஊர்லயா வந்து எறங்குறான்? படி, படி."

படித்தேன். அவன் கரையிறங்கி, ஒட்டகத்தில் ஏறி, பாலைவனத்தைக் கடக்கிறான்.

"நிறுத்துடி! கெடாவுல ஏது ஒட்டகம்? கண்ணுக்கு எட்டுன தூரம் வயலு, எரும மேயும். வெள்ளம் வந்தா சம்பான் படகுலதான் போவோம். எழுதுனவன் கெடாவப் பாத்திருக்கானா?"

புத்தகம் அன்று போகவில்லை. இரவல் வாங்கிய சர்க்கரையை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடும் அத்தை, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று துணிக்கடைக்குச் சொல்லியனுப்பினார். வேறு என்னென்ன பொய் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மத்தியானம் தோறும் நான் வாசிக்க, அவர் சண்டை போட்டுக்கொண்டே கேட்டார். கதாநாயகனைப் பாதாளச் சிறையில் அடைத்தபோது, "புள்ளைக்கு ஒரு வா சோறு போட்டானுங்களா?" என்று தவித்துப்போனார். கதை முடிந்ததும் ஒரு தாளை எடுக்கச் சொன்னார்.

"பத்திரிகைக்கு எழுது. கெடாவுல ஒட்டகம் கெடையாது. எருமதான் உண்டு. நான் பொறந்த ஊரு, எனக்குத் தெரியும்."

"அட்ரஸ் என்ன போட அத்தை?"

"மலாக்கா, மலாயான்னு போடு. நம்ம நாடுன்னு பெருசாப் போடு."

போட்டேன். எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அடுத்த கதைக்கட்டு வந்தது. அத்தையே போய் வாங்கி வந்திருந்தார். உலை வைக்க எழுந்த என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மணையை அடுப்பருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ சத்தமாப் படி. சோத்த நான் பாத்துக்கிறேன்."

அன்றும் சோறு கருகியது. அத்தை அந்தக் கருகலைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.