இரண்டு கண்ணையும் பார்

கண்ணில் சொட்டு மருந்து விட, என் மூன்று வயது மகளின் தாடையில் விரல் வைத்து முகத்தைத் திருப்பினாள் நர்ஸ். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குப் புதுப்பட்டினம் மார்க்கெட்டின் ஐஸ் வாடை வந்துவிட்டது.

அம்மா அங்கே மீன் விற்றாள். கரையில் ஏலம் எடுக்கும்முன் ஒவ்வொரு மீனையும் புரட்டி இரண்டு கண்ணையும் பார்ப்பாள். "ஒரு கண்ணப் பாத்து ஏமாந்துடாதடா. வெள்ள பூத்துகினு கீதுன்னா வுட்டுடு." எனக்கோ சலிப்பு. ஈரக் கால்களை மாற்றி மாற்றி நிற்பேன்.

அவ்வளவு பார்த்து வளர்ந்தவன், பாப்பாவின் போட்டோவில் வலது கண் வெள்ளையாக மின்னியதை ஃப்ளாஷ் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன். புற்று. இன்று அந்தக் கண்ணை எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், இடது கண் சுத்தமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். நம்புகிறேன். ஆனாலும் உட்கார முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து அந்த இடது கண்ணைப் பார்த்தேன்.

"இன்னாப்பா, பாத்துகினே கீற?"

"மீனு வாங்கறேன்."

"நல்ல மீனா?"

கருவிழியில் என் முகம் முழுதாகத் தெரிந்தது.

"இப்பத்தான் புடிச்ச மீனு," என்று சொல்லி அவளை நர்ஸின் கையில் கொடுத்தேன். என் விரல்கள்தான் விடவில்லை.