குடையால் வைத்த சலாவரிசை

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிபோனபோது நான் கொண்டுபோனவை ஒரு சூட்கேஸும் ஒரு வாளும்தான். ஐந்து வருடம் சிலம்பமும் வாள் வீச்சும் பழகியவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. சுவரில் ஆணி அடித்து வாளை மாட்டினேன்.

மனைவி அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கூரே இல்லியே. வெள்ளரிப்பழமும் வெட்டாது போல. ஆரும் வழி மறிச்சா, இந்தக் காலத்துல இதத் தூக்கிக்கிட்டா பஸ்ஸில போவீங்க?"

கலியாண ஊர்வலத்தில் வீசுகிற வாளுக்குக் கூர் வைப்பதில்லை. அதை ஒத்துக்கொள்ள ரோஷம் விடவில்லை.

"வித்தை கையிலதான் இரிக்கி, புள்ள. எது கெடச்சாலும் எனக்கு வாள்தான்" என்று வீறாப்பாகச் சொல்லிவைத்தேன்.

நற்பிட்டிமுனை வயல் ரோட்டில் அதற்குச் சோதனை வந்தது. உச்சி வெயிலில், ஒரு விருந்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் சைக்கிள் கரியலில் அவள், ஹேண்டிலில் குடை. வாய்க்கால் ஓரத்தில் ஒருவன் மறித்து, அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னான். என்னைவிட ஒரு முழம் உயரம். கலியாணத்துக்கு அவளுடைய உம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டுவிட்ட சங்கிலி அது.

சைக்கிளை அவளிடம் விட்டுக் குடையை உருவினேன். எங்கள் பழக்கத்தில் சலாவரிசை வைக்காமல் ஆயுதம் வீசக் கூடாது. நிலத்தைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, நாலு திசைக்கும் சலாம் வைக்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை. பாழாய்ப்போன உடம்பு அன்றைக்கும் தவறவிடவில்லை. கள்ளன் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, குடையும் கையுமாக மூன்று திசைக்குச் சலாம் வைத்துவிட்டேன். நாலாவதற்குத் திரும்பும்போதுதான் அவனுக்குச் சுயநினைவு வந்தது. என்மேல் பாய்ந்தான். பழகிய கால் தானாக ஓர் அடி விலகியது. அவன் நேரே வாய்க்காலுக்குள் போய் விழுந்தான்.

"ஏறுங்க, மிதிங்க!" என்று அவள் கத்தினாள். மிதித்தேன். கல்முனைச் சந்தி வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியின் கழுத்தில் சங்கிலி தொங்க, கள்ளனுக்கு முன்னால் சலாம் வைத்துக்கொண்டு நின்றவன் நான். வாளைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். இந்தக் காலத்துக்கு வாள் சரிவராது, விலகத் தெரிந்தால் போதும் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை அவள் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு முற்றத்தில் நின்றாள். "இஞ்சருங்க, அந்தக் காலடிய எனக்கும் காட்டுங்க."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காட்டப் போனால், அவள் முதலில் குனிந்து நிலத்தைத் தொட்டாள்.

"சலாம் வேணாம், புள்ள. நேத்து அதாலதான் சங்கிலி போகப் பாத்த. விலகுறத மட்டும் பழகு."

"நல்ல கத! அவன் ஒங்களையே பாத்துக்கிட்டு நிண்ட நேரத்துலதானே நான் சங்கிலியக் கழட்டிச் சட்டைக்குள்ள போட்டன்" என்றாள். "மூணு சலாம் பாத்துட்டன். நாலாவத எப்பிடி வைக்கிற? அதக் காட்டுங்க."