வயரில் சுற்றிய சீத்தைத் துணி

மகள் வாங்கிய பழைய கார் போன கிழமை முற்றத்தில் நின்றபடி தானாகவே ஹோன் அடிக்கத் தொடங்கியது. ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க எட்டிப் பார்த்தது. திருத்துகிறவர் வந்து, சின்னப் பெட்டியொன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனைப் பார்த்தார். பிறகு ஒரு மூடியைக் கழற்றிக் காட்டினார்.

"முந்தி வெச்சிருந்தவன் கமரா பூட்ட வயர வெட்டி முறுக்கியிருக்கான். மறைச்சு வித்திருக்கான்."

"தெரிஞ்சுகொண்டே வித்திருக்கானே! அவன்ட கை விளங்குமா?" என்று மகள் திட்டினாள்.

தேத்தண்ணி போடுகிறேன் என்று நான் உள்ளே போய்விட்டேன். வெளி ஆட்கள் வந்தால் உள்ளே போவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்குப் போனது கூச்சத்தால் இல்லை. அந்தத் திட்டில் பாதி எனக்குரியது. மகளுக்கு இது தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீடுவளவுக்கு வருவார். அம்மாவின் வளவில் பாதி எனக்கு, பாதி என் தங்கச்சி பூமணிக்கு. நடுவில் கிடுகு வேலி, பேருக்கு. அவள் கறிக்கு உப்பு என் வீட்டிலிருந்து போகும். என் சட்டைகள் அவள் மெசினில் தைபடும். மஞ்சள் பொட்டுப் போட்ட பச்சைச் சீத்தையில் ஒரு சட்டை தைத்துத் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு வடிவு.

அப்போது எங்களிடமும் ஒரு பழைய கார் நின்றது. என் வீட்டுக்காரர் எந்த வேலையையும் தானே செய்வார். எதையும் ஒருவரிடமும் பழகியதில்லை. வயர் கருகினால் வேறு வயரை முறுக்கி விடுவார். சுற்றுகிற டேப் கடைகளில் கிடைக்காத காலம். "சீத்தத் துணி ஏதும் கிடந்தாத் தா" என்றார். அந்தச் சட்டை கிழிந்து போயிருந்தது. நானே அதன் கரையைக் கிழித்துக் கொடுத்தேன், டோர்ச்சும் பிடித்தேன். எரிந்துபோன பீஸ் இருக்கிற இடத்தில் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினார். கார் ஓடியது. ஆனால் உள்ளே இறால் கோது தீய்ந்த மாதிரி ஒரு மணம்.

அந்தக் காரைத்தான் பூமணியின் புருசனுக்கு விற்றார். அவர் வாவியில் வலை வீசுகிறவர். ஹயருக்கு, வாடகைக்கு ஆளேற்றிக் கார் ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. வாங்குவதற்கு முன் பூமணி என் அடுப்படிக்கு வந்தாள்.

"அத்தான் நல்லம் எண்டுதான் சொல்லுவாரு. நீ சொல்லுகா. வாங்கலாமா?"

வாசலில் என் வீட்டுக்காரர் செருமிக்கொண்டு நின்றார். நான் தேங்காய் துருவியபடி, "ஓம், வாங்கு" என்றேன். என் வாயிலிருந்து சொற்கள் வருவதே அருமை. அன்றைக்கு வந்த இரண்டும் பொய்.

மழைக்கு வைப்பரைப் போட்டால் கார் நின்றது. பிரேக்கை மிதித்தால் ஹோன் அடித்தது. "வலை எறியிறவனுக்குக் கார் என்னத்துக்கு? சந்திக்குச் சந்தி சங்கூதுறான்!" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார். "கார்ல குத்தமில்ல, ஓட்டுறவன்லதான்."

"கண்ணூறோ அக்கா?" என்று பூமணி கேட்டாள்.

"ஓம்கா, ஒரு கழிப்புக் கழிப்பம்" என்றேன். தேசிக்காயும் நீத்துப்பூசணியும் நானே கொண்டுபோனேன். சில்லுக்கு முன்னால் வெட்டிக் கழித்தோம். அதற்குப் பிறகு சில நாள் கார் நன்றாக ஓடியது. பூசணிக்காய் வயரைத் திருத்தும் என்று நானும் பாதி நம்பினேன், பாருங்கள்.

ஒரு மழைக் காலை. ஆசுபத்திரிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகையில் பாலத்தில் வைத்து உள்ளே புகை கிளம்பியது. எல்லாரையும் இறக்கிவிட்டு, தங்கச்சி புருசன் கையை உள்ளே விட்டு எரிகிற வயர்களைப் பிடுங்கி எறிந்தார். வலக்கை விரல்கள் வெந்துபோயின.

அவர் வார்ட்டில் கிடந்தபோது பூமணி காத்தான்குடியிலிருந்து காரின் வயர் வேலை தெரிந்த, காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் ஒரு சின்ன பல்பை வைத்து வயர் வயராகத் தொட்டுப் பார்த்து, கெட்டதை வெளியே இழுத்துப் போட்டார். பூமணி பக்கத்தில் குந்தியிருந்தாள். நானும் நின்றேன். உள்ளே ஓட அன்றைக்குக் கால் வரவில்லை.

"இந்தா பாருங்க புள்ள, பீஸ் இரிக்கிற இடத்துல சிகரட் தாள். பீஸ் எண்டா தான் எரிஞ்சு காரக் காப்பாத்துற சாமான். தாளச் சுத்தினா அது எரியாது, கார்தான் எரியும்."

பிறகு இன்னொரு வயரை இழுத்துச் சிரித்தார். "வேல செஞ்சவன் தையல்காரனா? சட்டத் துணி சுத்தியிரிக்கான்!"

பூமணி அந்தத் துண்டை வாங்கித் தொடையில் வைத்து விரித்தாள். பாதி கருகியிருந்தது. கரையில் அவளுடைய தையல் அப்படியே கிடந்தது.

"நீயா அக்கா கிழிச்சுக் குடுத்த?"

நான் அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு அடுப்படியில உன்னத்தானே கேட்டன்."

காக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் காருக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் சண்டை பிடிக்கவில்லை, பிடித்திருக்கலாம். புருசனின் விரல்கள் வளைந்தபடியே காய்ந்தன. வலையும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஒரு நாள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்துக்கு, புருசனின் ஊருக்குப் போய்விட்டாள். தாய் வளவை விட்டுவிட்டுப் பெண் புருசன் ஊருக்குப் போவதை எங்கள் ஊர் கண்டதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அவருக்கு அங்க வட்டையில வயல் கிடக்கு" என்றாளாம். "போனாப் போகட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கும் நான் அவருக்குச் சோறு போட்டேன்.

எத்தனையோ வருசம் கழித்து அவள் செத்த வீட்டுக்குத்தான் பழுகாமம் போனேன். அவள் புருசன் கதிரை தந்து இருத்தினார்.

"மச்சாள், உங்களப் பத்தி அவ ஒரு குறையும் சொன்னதில்ல. அக்காவ ஏன் கூப்பிடாம இருக்காய் எண்டு கேட்டா, அவக்குக் கூச்சம், வரமாட்டா எண்டு சொல்லுவா."

துணியைப் பற்றி அவருக்குக்கூட அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை.

பூமணியின் வளவு கைமாறி, மதில் கட்டி, மாடி எழும்பிவிட்டது. நல்ல சனம்தான். என்னை அம்மம்மா என்பார்கள். ஊரில் மற்றவர்களுக்கு மாமி, பெரியம்மா. அக்கா என்று கூப்பிடத்தான் ஒருத்தரும் இல்லை.