பொம்மையிடமிருந்து பிடுங்கிய சட்டை

எல்பியா தெச்சேராவோடு சண்டை போடாதவர்கள் எங்கள் சாரந்தி ஊரில் யாரும் கிடையாது. நானும் போட்டிருக்கிறேன், போட்டபோதெல்லாம் தோற்றிருக்கிறேன். ஊர்த் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து காலம் தள்ளுகிற எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் எல்பியாவின் வாய்க்கு முன்னால் என் வாய் எடுபடாது.

கம்பளிக் கிடங்கில் வேலை பார்த்தவள். மூட்டை மூட்டையாக வரும் ஆட்டு ரோமத்தைக் கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு விரலாலேயே தரம் பிரிப்பாள். கூலி உயர்வு கேட்டுக் கிடங்கு வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது ஊரறிந்த கதை. லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டு அவளிடமே மாத்தே இலைத் தேநீர் வாங்கிக் குடித்தான். புருஷன் ஓடிப்போய்விட்டானாமே என்று யாராவது வாயைக் கிளறினால், "ஓடினானா? நான்தான் கதவைத் தொறந்து விட்டேன்" என்பாள்.

வேலையிலிருந்து நின்றபிறகு வியாழக்கிழமைதோறும் மாதா கோயில் கூடத்தில் பின்னுகிற பெண்களோடு சேர்ந்தாள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மிர்த்தா ஒலிவேரா, இரும்புக்கடை மில்டனின் மனைவி. நல்லவள்தான், ஆனால் ஒரு தையல் கோணினாலும் பிரித்துப் போடச் சொல்வாள். குளிர்காலம் முடிவதற்குள் தொப்பி, காலுறை, போர்வை எல்லாம் பெட்டி கட்டிக் கடல் தாண்டி வீகோ நகரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சில பெண்கள் நடத்துகிற தொண்டு நிறுவனம் அவற்றை ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிறக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்கும்.

அந்த வருஷம் என்னென்ன வேண்டும் என்று வீகோக்காரர்கள் எழுதியிருந்ததை மிர்த்தா சத்தமாக வாசித்தாள். கடைசி வரியை மட்டும் வாசிக்காமல் காகிதத்தை மடித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த எல்பியாவின் கண் அதற்குள் அதைப் படித்துவிட்டது. மூச்சில்லாமல் பிறக்கிற குழந்தைகளுக்கு அளவான துணி எங்கேயும் கிடைப்பதில்லை, முடிந்தால் பின்னி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

எல்பியா வேறு எதையும் பின்னவில்லை. வெள்ளை உல்லனில் சின்னஞ்சிறு சட்டைகள், ஓரத்தில் குரோஷா வேலை. தொப்பிகள் ஓர் ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டால் சரியாக இருக்கும். பழைய ஆட்களுக்குக் காரணம் தெரியும். இருபது வயசுக்காரியாக இருந்தபோது அவளுக்கு ஒரு பெண் பிறந்தது, பிறக்கும்போதே உயிர் இல்லை. ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடக் காட்டாமல் செய்தித்தாளில் சுற்றி மாமனார் கையில் கொடுத்துவிட்டார்கள். கர்ப்பத்தில் அவள் பின்னிவைத்த சட்டை பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அவள் துணிகளை மேஜையில் பரப்பியதும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"உயிரோட இருக்கிற புள்ளைங்க துணியோட இதைக் கலக்க முடியாது எல்பியா. அபசகுனம்" என்றாள் மிர்த்தா.

"கேட்டவங்களுக்கு அது தெரியாதா? பெட்டியில போடு."

மிர்த்தா போடவில்லை. அவற்றைச் சுருட்டி, கோயில் திருவிழாச் சாமான் வைக்கிற அலமாரிக்குள் தள்ளினாள். அதிலிருந்துதான் வினை. திருவிழாக் குலுக்கலில் பரிசாக வைக்கிற பொம்மைகளை அலங்கரிக்கப் போன ஒருத்தி அலமாரியைத் திறந்தாள். அளவைப் பார்த்தாள், அழகாக இருக்கிறதே என்று எல்லாப் பொம்மைக்கும் மாட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அளவைப் பார்த்தால் யாருக்கும் பொம்மைதான் ஞாபகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை, ஊரே கூடி எண்ணெயில் பொரித்த ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது எல்பியா பொம்மைகள் இருந்த மேஜைக்கு வந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு ஒவ்வொரு பொம்மையாகத் தூக்கி உரிக்க ஆரம்பித்தாள். ஜனம் சிரித்தது. பாதிரியார் ஓடிவந்தார்.

"என்னம்மா இது, பொம்மைகிட்ட போய் மல்லுக்கட்டுறே?"

"இது பொம்மைக்குப் பின்னினது இல்லை சாமி. பொம்மைக்குக் குளிராது."

"அந்தக் குழந்தைகளுக்கும் இனிமே குளிராது மகளே."

"அம்மாக்காரிக்குக் குளிரும்!" என்று கத்தினாள். சிரிப்பு அடங்கியது. அம்மணமான பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, துணிகளை மடியில் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு அவள் பின்னாலேயே போக வேண்டும்போல இருந்தது. போகவில்லை, கையில் ரொட்டி இருந்தது.

மறுநாள் காலையில் கவுண்டர் திறந்ததும் முதல் ஆளாக அவள்தான் நின்றாள், கையில் ஒரு செருப்புப் பெட்டி. அவளுக்குப் பின்னால் மிர்த்தா. அவளுக்கும் பின்னால் மில்டன், பின்னல் கூட்டத்தின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வாசல்வரை வேறு ஆட்களும் இருந்தார்கள்.

"வீகோவுக்கு" என்றாள் எல்பியா.

"உள்ளே என்னக்கா?" வெளிநாட்டுக்குப் போவதென்றால் அதை மேலே எழுதியே ஆக வேண்டும்.

"செத்துப் பொறக்கிற புள்ளைங்களுக்குச் சட்டை."

"குழந்தைத் துணின்னு போட்டுடறேன். போதும்."

"போதாது நெல்வா. நான் சொன்னதை அப்படியே எழுது."

"அங்கே பெட்டியைப் பார்க்கிறவன் பயந்துடுவான்க்கா!"

"பயப்படட்டும். நாம மட்டும்தான் பயப்படணுமா?"

பின்னாலிருந்து மிர்த்தா சீறினாள். "வெக்கமா இல்லையா உனக்கு? பொம்மையை உரிச்சது போதாதுன்னு இங்கயுமா? அதுங்க வானத்துச் சம்மனசு ஆயிடுச்சு. நினைச்சு நினைச்சு அழுதா அதுங்க றெக்கை நனைஞ்சுடும், பறக்க முடியாம போயிடும். உங்கம்மா உனக்குச் சொல்லலையா?"

எங்கள் பக்கத்தில் எல்லா அம்மாவும் சொல்வதுதான் அது. என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

எல்பியா திரும்பினாள். "சொன்னாங்க. எல்லாரும் சொன்னாங்க. நானும் இத்தனை வருஷம் அடக்கிக்கிட்டேன். நனைஞ்சா நனையட்டும் மிர்த்தா, காயும். என் பொண்ணு பேப்பரைச் சுத்திக்கிட்டு மண்ணுக்குள்ள போனா. இனி ஒருத்தியாவது சட்டை போட்டுக்கிட்டுப் போகட்டும். நீ தடுத்தா நான் தினமும் ஒரு பெட்டி கொண்டுவருவேன்."

மிர்த்தா வாயைத் திறப்பதற்குள் மில்டன் பெட்டியைத் தரையில் இறக்கிவைத்தார். அந்த மனிதர் கடையில் ஆணியின் அளவைத் தவிர வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

"நம்ம பையனையும் பேப்பர்லதான் சுத்தினாங்க" என்றார், மனைவியைப் பார்த்து. "நான்தானே வாங்கிட்டுப் போனேன்."

அவர்களுக்கு ஒரு பையன் இருந்தான் என்பது எனக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன், யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

மிர்த்தா விறுவிறுவென்று கவுண்டருக்கு வந்தாள். எல்பியாவை அறைந்துவிடப் போகிறாள் என்றே நினைத்து நான் எழுந்துவிட்டேன். அவள் செருப்புப் பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு சட்டையை எடுத்தாள். உள்ளங்கையில் விரித்து, வியாழக்கிழமைகளில் பார்ப்பதுபோலவே கழுத்தை இழுத்துப் பார்த்தாள், தையலைத் தடவிப் பார்த்தாள்.

"இது பெருசு" என்றாள்.

"என்ன பெருசு? அவங்க கேட்ட அளவுதான்" என்று எகிறினாள் எல்பியா.

"பெருசுங்கிறேன்ல! என் பையன் இதைவிடச் சின்னவன்."

எல்பியாவின் குரல் அதட்டலாகவே வந்தது.

"எவ்வளவு? காட்டு."

மிர்த்தா சட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் கவுண்டருக்கு மேலே தூக்கி, எதிரெதிரே பிடித்து, கொஞ்சம் நெருக்கினாள், இன்னும் கொஞ்சம் நெருக்கினாள், பிறகு அசைக்காமல் அப்படியே நின்றாள். எல்பியா பையிலிருந்து ஊசியையும் உல்லனையும் எடுத்தாள். நான் பெட்டியை மூடவில்லை.