விழுப்புரத்துக்குப் பாதி, திண்டிவனத்துக்குப் பாதி

கல்லூரி ஆசிரியருக்குத் தொண்டை வேண்டும். இரண்டு கல்லூரிக்கு ஒரே ஆசிரியர் என்றால் தொண்டையோடு, பஸ்ஸில் குலுங்க இடுப்பும் வேண்டும். எண்பதுகளில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருந்த இரண்டு தனியார் கலைக்கல்லூரிகள், தர்க்கவியலுக்கு ஆளுக்கொரு ஆசிரியர் எதற்கு என்று பேசி, என்னைப் பங்கு போட்டுக்கொண்டன. திங்கள் முதல் புதன் வரை விழுப்புரம், மீதி நாள் திண்டிவனம். இரண்டு மேலதிகாரிகளிடம் ஒரே நேரத்தில் மாட்டிய அன்பர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நாற்காலி

திண்டிவனம் ஆசிரியர் அறையில் எனக்கு நாற்காலி இல்லை. ஜன்னல் ஓரம் நின்றபடியே பாடக்குறிப்பு எழுதினேன். கால் கடுத்துப்போய், அட்டெண்டர் முருகேசனிடம் ஒன்று போடச் சொல்லிக் கேட்டேன். அவர் மரியாதையாகவே சொன்னார்: "விழுப்புரத்துல மூணு நாளு ஒக்காந்துட்டுத்தான சார் வர்றீங்க?"

விக்கிரவாண்டி வகுப்பு

பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. விழுப்புரம் பிள்ளைகளுக்குக் கடைசிப் பாடம் பாக்கி. திண்டிவனம் பிரின்சிபால் பெரிய மனசு பண்ணி என்னை விழுப்புரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார். விழுப்புரம் பிரின்சிபாலும் பெரிய மனசு பண்ணி, பிள்ளைகளைத் திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

விக்கிரவாண்டியில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே நின்றன. எதிர் பஸ் ஜன்னலிலிருந்து செல்வி என்ற மாணவி தலையை நீட்டி, "சார், ஒங்களத் தேடிக்கினுதான் போறோம்" என்றாள். எல்லாரையும் இறங்கச் சொல்லி, டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, போலி நியாயங்களைப் பற்றிய அந்தப் பாடத்தை அங்கேயே நடத்தினேன். பரீட்சையில் பெரிய கேள்வி அதிலிருந்துதான் வந்தது என்பது பிறகு தெரிந்தது. அன்று கிளம்பும்போது கடைக்காரர் கேட்டார்: "நாளைக்கு எத்தினி பேரு சார் வருவாங்க? அதுக்கேத்தாப்பல வடை போட்டு வைக்கிறேன்."

மாப்பிள்ளை விசாரணை

அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் ஒருவரின் மகள் ஜெயந்தியை எனக்குப் பேசினார்கள். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவள் அப்பா தனியாக விசாரிக்கப் புறப்பட்டார். வியாழக்கிழமை விழுப்புரம் கல்லூரிக்குப் போனால், "அவரு திண்டிவனத்து ஆளு" என்றார்கள். திங்கட்கிழமை திண்டிவனம் போனால், "அவரு விழுப்புரத்து ஆளாச்சே" என்றார்கள். நான் எங்கேயும் வேலை பார்க்காத டூப்பு என்று முடிவுகட்டி, சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு காலையில், திண்டிவனம் பஸ்ஸில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, "இவரத் தெரியுமா?" என்று கேட்டார். கண்டக்டர், "வாத்தியாருதாங்க. எந்தக் காலேஜின்னுதான் தெரியல, எப்பப் பாத்தாலும் நம்ம வண்டியிலதான் இருக்காரு" என்றார்.

அந்த ஒரு சாட்சியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் மாமனார் என் காதோரம் குனிந்து கேட்டார்: "மாப்ள, வீடாச்சும் ஒரே ஊர்லதானங்க?"

ஆகவே அன்பர்களே, இரண்டு இடத்தில் வேலையா, கொடுத்துவைத்தவர் என்று யாராவது பொறாமைப்பட்டால் கோபப்படாதீர்கள், இரண்டு பிரின்சிபால் என்று மட்டும் சொல்லுங்கள், அவரே டீ வாங்கிக் கொடுப்பார்.