ஒரு குளியலறைக்கு ஆள் பிடித்த கதை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறைதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு மாதம் நான் அடித்த கூத்துக்கெல்லாம் என் பக்கம் சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே நியாயம் அதுதான்.

மலேசியாவில், கூலிம் ஊரில் மலிவு விலை வரிசை வீடு. குளிப்பதும் மற்றதும் ஒரே அறையில். மூலையில் ஒரு அடி உயரத்துக்கு ஒரு மேடை, மேடைமேல் குந்தி உட்காரும் பீங்கான். வீடு வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. பிறகு என் மனைவியின் முட்டி தேய்ந்தது. முட்டியை மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். கொடுத்த கையோடு டாக்டர் சொன்னார்: "வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் படி ஏறக்கூடாது, குந்தக்கூடாது, வழுக்கி விழவே கூடாது." எங்கள் கக்கூஸில் இந்த மூன்றும் இதே வரிசையில் நடக்கும்.

திட்டம் எளிமையானது. அவள் ஆஸ்பத்திரியில் சில நாள், அப்புறம் பாலிங்கில் அவளுடைய அக்கா வீட்டில் இரண்டு வாரம். அதற்குள் மேடையை உடைத்து, நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ் வைத்து, வழுக்காத தரை போட்டு, சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்ய ஒரு யோக்கியமான ஆள் வேண்டும். அதுவும் அவ்வளவுதான்.

என் தூக்கம் போனதற்குக் காரணம் எதிர்வீட்டு அண்ணன். அவர் சமையலறையைப் பெரிதாக்க ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தார். அந்த ஆள் பின்சுவரை ஒரே நாளில் இடித்தான். "பெருநாளுக்குள்ள முடிச்சிடலாம்ணே" என்று சொன்னான். எந்த வருஷத்துப் பெருநாள் என்று அண்ணன் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அவர் வீட்டில் சமையல் முன்னால் போர்ச்சில், நீலக் கித்தானுக்குக் கீழே, கார் பக்கத்தில்தான் நடக்கிறது. அந்தக் காரில் ஏறினால் கருவாட்டு வாசம். சமையலறை இல்லாமல் போர்ச்சில் சமைக்கலாம். குளியலறை இல்லாவிட்டால் போர்ச்சில் என்ன செய்வது? கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் வந்து நிற்க, உள்ளே இடிந்த குழி மட்டும் இருக்கிற காட்சி எனக்கு வேலை நேரத்திலும் வந்துகொண்டிருந்தது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். வருகிற சாமானைப் பூதக்கண்ணாடியில் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம். ஆகவே காண்ட்ராக்டரைச் சோதிக்க இந்த மாநிலத்திலேயே என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று முடிவு செய்து, இருபத்தேழு கேள்விகளோடு ஒரு பாரம் தயாரித்தேன். கையெழுத்துப் போட இடம்கூட விட்டிருந்தேன்.

வேலையிடத்து நண்பர்கள் அதன்மேல் ஒரு யோசனையையும் ஊற்றினார்கள். "அவசரம்னு காட்டிக்காத லா. காட்டினா தலையில மிளகாய் அரைச்சிடுவானுங்க." எனக்கு அது பெரிய ராஜதந்திரமாகப் பட்டது. வந்தவர்களிடமெல்லாம், "சும்மா விசாரிக்கிறேன், அடுத்த வருஷம் செஞ்சாலும் செய்வேன், செய்யாட்டியும் செய்யாம இருப்பேன்" என்றேன். முட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதலில் வந்தவர் பெரிய காரில், கையில் தங்கக் காப்போடு வந்தார். என் இருபத்தேழு கேள்விக்கும் ஒரே பதில்: "நோ பிராப்ளம் பாஸ்." போனைத் திறந்து, தான் கட்டிய குளியலறைகளின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒவ்வொன்றும் ஹோட்டல் மாதிரி. ஒரு படத்தில் சன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மரமெல்லாம் பனி.

"இது எங்கண்ணே கட்டுனீங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கேமரன் மலை, பாஸ்."

அந்த மலையில் குளிர் உண்டு, பனி விழுந்ததே இல்லை. நானும் அசராமல், "குளிராத்தான் இருந்திருக்கும்" என்றேன். மொத்தத்தில் பாதியை முன்பணமாகக் கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் வந்த இரண்டு பேரையும் என் பாரமே விரட்டியது. ஒருவர் ஒன்பதாவது கேள்வியில் போன் வந்த மாதிரி எழுந்து போனார். போன் அடிக்கவே இல்லை.

கடைசியாக வந்தவர் பழைய மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்சீட்டில் ஒரு வாளி, அதற்குள் கரண்டியும் மட்டப்பலகையும். நாற்பது வயதிருக்கும். குளியலறைக்குள் போனார், சுவரை இரண்டு இடத்தில் தட்டினார், வெளியே வந்தார்.

"செய்யலாம்ணே."

"எத்தனை நாள்?"

"காயுறதப் பொறுத்து."

பாரத்தை நீட்டினேன். வாங்கி, மேலிருந்து கீழே வரை பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நான் வேலை செஞ்ச வீடு மூணு சொல்றேன். போய்ப் பாருங்க" என்று விலாசம் சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தார்.

மூன்றுக்கும் போனேன். இரண்டு வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அக்கா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுக்கு வர்றவங்க என்னைப் பாக்க வருவாங்க. நீ என் கக்கூஸப் பாக்க வந்திருக்கியா, தம்பி?"

"ரெண்டு நிமிஷம்தான்க்கா."

பாக்கெட்டிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் விட்டேன். தண்ணீர் போகும் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் கண்டுபிடித்த முறை. குண்டு யாரையும் கேட்காமல் நேராக ஓடி வடிகால் மூடியில் போய் நின்றது. வேறு மூலையிலிருந்து விட்டேன். அங்கேயே போனது. அப்புறம் காசை எடுத்து ஓடு ஓடாகத் தட்டி, உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கிறதா என்று காது வைத்தேன்.

"தேங்கா வாங்குற மாதிரி தட்டுறான் பாரு" என்று அக்கா வாசலில் நின்று யாருக்கோ சொன்னார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஆள் எப்படிக்கா?"

"பேசமாட்டான். போன் அடிச்சா எடுக்கமாட்டான். ஆனா முடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு, இந்தப் பக்கம் வந்தேன், பைப்பு ஒழுகுதான்னு பாக்க வந்தேன்னு அவனாவே வந்து நின்னான்."

வேறொருவனுக்கு இது போதும். எனக்குக் காதில் விழுந்தது "போன் எடுக்கமாட்டான்" மட்டும்தான். எதிர்வீட்டு அண்ணனின் ஆளும் கடைசியில் போன் எடுக்காதவன்தானே. ஆகவே அடுத்த நாள் விடுப்பு எடுத்தேன். காலையிலேயே அவர் வீட்டு முனையில் காத்திருந்து, அவர் மோட்டாருக்குப் பின்னால் என் மோட்டாரை விட்டேன். ஹார்டுவேர் கடைக்குப் போனார், நானும் போய் ஆணிகளைப் பார்த்தேன். லூனாஸ் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனார், நான் எதிரே மரத்தடியில் நின்றேன். பதினோரு மணிக்குச் சாலையோரம் ஒரு ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார். நான் அடுத்த கடையில் வாழைப்பழத்துக்குப் பின்னால் மறைந்தேன்.

"அண்ணே, தேத்தண்ணி குடிக்கிறீங்களா? காலையிலேருந்து அலையுறீங்க."

அவரேதான் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

அவர் கிளாஸைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "நானும் உங்களப் பத்தி விசாரிச்சேன். உங்க எதிர்வீட்ல கேட்டேன். நீங்க பாக்கப் போன வீட்டு அக்காவ நேத்து பாத்தேன், கோலிக்குண்டு கதையெல்லாம் சொல்லுச்சு. உங்க வேலை எனக்கு வேணாம்ணே."

"ஏன்?"

"பின்னால ஒருத்தர் நின்னு மூச்சு விட்டா எனக்குக் கை ஓடாது. போன வருஷம் அப்படித்தான் ஒரு வீட்ல வாட்டம் தப்பிப் போச்சு. உடைச்சுத் திரும்பப் போட்டேன். உங்களுக்கு அவசரமும் இல்ல. அடுத்த வருஷம் நல்ல ஆளாப் பாத்துக்குங்க."

இருபது வருஷமாக மற்றவற்றை வேண்டாம் என்று ஒதுக்கியவன் நான். என்னையே ஒருவர் ஒதுக்கிவைத்தது அன்றுதான். ராஜதந்திரமெல்லாம் தேத்தண்ணியில் கரைந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். முட்டி, தேதி, பாலிங், ஒரே குளியலறை, நீலக் கித்தான், எல்லாம். நடுவில் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. மிளகாய் வடை காரம் என்று சமாளித்தேன். நான் வடையே வாங்கவில்லை.

அவர் கேட்டு முடித்து, "எந்தக் கால்ணே?" என்றார்.

"என்ன எந்தக் கால்?"

"இடதா, வலதா? உட்கார்ற இடத்த அதப் பாத்துத்தான் திருப்பணும். எந்திரிக்கும்போது நல்ல கால் பக்கம் கம்பி இருக்கணும்ல?"

இதுவரை வந்தவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. என் இருபத்தேழு கேள்வியிலும் இது இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் நொண்டி நடப்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறை இடதில் நொண்டினாள், மறுமுறை வலதில். வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

"உனக்கு ஆப்பரேஷன் எந்தக் கால்ல?"

"டாக்டர் சொல்லும்போது பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"பயத்துல இருந்தேன்."

"வலது. போனை யாருகிட்டயாவது புத்தி இருக்கிறவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தேன். பேசமாட்டார் என்று பெயர் வாங்கிய மனிதர் கால் மணி நேரம் பேசினார். உயரம் என்ன, உட்கார்ந்தால் பாதம் தரையில் படுமா, எந்தக் கை பலம், எல்லாம் கேட்டார். கடைசியில் போனை என்னிடம் நீட்டி, "செய்றேன்ணே. ஆனா நான் வேலை செய்ற நேரத்துல நீங்க வீட்ல இருக்கக்கூடாது. உங்க வீட்டு அக்கா ஒத்துக்கிட்டாங்க" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இங்கே மேடை உடைந்தது. நான் தொழிற்சாலையில் குளித்து, எதிர்வீட்டு அண்ணனிடம் மற்றதற்குக் கெஞ்சி நாளை ஓட்டினேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் ஆளைக் காணோம். போன் எடுக்கவில்லை. குளியலறையைத் திறந்தால் தரை முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், குளம் மாதிரி. ஓடிவிட்டான், வாட்டமும் போய்விட்டது, வடிகாலும் அடைத்துவிட்டது என்று ஒரே மூச்சில் மூன்று முடிவுக்கு வந்தேன். கையை விட்டுத் துழாவினால் வடிகாலில் துணி. பிடுங்கினேன். தண்ணீர் அழகாக ஓடிப்போனது. ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்தவன் மாதிரி துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டேன்.

மறுநாள் காலை அவர் வந்து பார்த்தார்.

"தண்ணி எங்கண்ணே?"

"ஆவியாயிருக்கும்."

"துணியுமா?"

தரை எங்காவது கசிகிறதா என்று பார்க்க, அடைத்துவிட்டுத் தண்ணீர் கட்டி நிறுத்துவார்களாம். இரண்டு நாள் நிற்க வேண்டுமாம். "அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போனேனே" என்றார். திரும்ப முதலிலிருந்து தண்ணீர் கட்டினார். அவள் வருவதற்கு இருந்த கொஞ்ச நாளில் ஒரு நாளை நானே காலி செய்திருந்தேன். பாலிங்கிலிருந்து போனில் அவள் சிரித்த சிரிப்பில், தையல் பிரிந்துவிடப் போகிறது என்று அவளுடைய அக்கா திட்டுவது கேட்டது.

அவள் வரும் நாளன்று எல்லாம் முடிந்திருந்தது, கம்பி மட்டும் இல்லை. "ஆள் வந்து நின்னாத்தான் அளவு" என்று சொல்லி அடிக்காமலே போயிருந்தார். பாலிங்கிலிருந்து அவளைக் காரில் அழைத்து வரும்போது வழியெல்லாம் புலம்பினேன். "வரமாட்டான், பாரு. கம்பி இல்லாம நீ எப்படி எந்திரிப்ப? நான் முன்னமே சொன்னேன்." அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் மோட்டார் நின்றது. அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

அவளைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டிப் போனோம். உடுத்திய துணியோடு அப்படியே உட்காரச் சொன்னார். "இப்ப எந்திரிங்கக்கா. யோசிக்காதீங்க. கை எங்க போவுதோ அங்க வைங்க." அவள் எழும்போது இடது கை தானாகச் சுவரில் போய் ஊன்றியது. அந்தக் கையைச் சுற்றி அவர் பென்சிலால் கோடு போட்டார். பாரத்தில் நான் எழுதி வைத்திருந்த உயரத்துக்கு அது நாலு விரல் கீழே. துளை போட்டுக் கம்பியை முடுக்கினார். நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன்.

"இறங்குங்க. எனக்கு அவசரம்" என்றாள் அவள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நாங்கள் இரண்டு பேர். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றேன். அவரைத் திரும்பிப் பார்த்தால், இத்தனை நாளும் முகத்தில் ஒரு கோடு அசையாத மனிதர், கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே குனிந்து கதவருகில் கேட்டார்.

"அக்கா, ஓக்கேதானே? கம்பி ஆடலையே?"

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?"