கவுஸ் பாயின் டர்போவும் கத்திரி வெயிலும்

மெக்கானிக் தொழிலில் ஓடாத வண்டியைச் சமாளித்துவிடலாம். ஓடுகிற வண்டியை இன்னும் வேகமாக ஓடவைக்கச் சொல்பவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பானெட்டைத் திறந்துவைத்து, ஆவி அடங்கட்டும் என்று ரோட்டோரம் காத்துக்கிடந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் உறவுக்காரர்கள். எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தபோது நடந்தவை இவை.

டவலில் வந்த நத்தை

வளைகுடாவிலிருந்து எல்லாரும் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள். கோட்டக்குப்பம் கவுஸ் பாய் டர்க்கி டவலில் சுற்றி ஒரு டர்போ கொண்டுவந்தார். பார்க்க இரும்பு நத்தை. என்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள்ளேயே காற்றைத் திணிக்கும், வண்டி பறக்கும். அதைத் தன் பழைய டீசல் காரில் மாட்டச் சொன்னார்.

“மாட்டிடலாம் பாய். ஆனா இது நெருப்பா கொதிக்கும். உங்க காரு தாங்கணுமே?” என்றேன்.

“அந்தப் பாலைவனத்துல நானே தாங்கிக்கினு இருந்தேன். இது தாங்காதா?”

ஒலக்கூர் அடுப்பு

மாட்டி, சென்னை ரோட்டில் விட்டோம். பஸ்களெல்லாம் பின்னால் போயின. ஒலக்கூர் பக்கம் வருவதற்குள் ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பானெட்டில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. உள்ளே ஒயர் உருகின நாற்றம். பாய் அந்த டர்க்கி டவலை எடுத்துப் பானெட்டுக்கு விசிற ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் காய் பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். பானெட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

“ஏம்பா, ரெண்டு பிடி மல்லாட்டை போட்டா வறுத்துக் குடுக்குமா?”

விழுப்புரம் வைத்தியம்

விழுப்புரத்தில் ரேடியேட்டர் கட்டுகிற கண்ணன் என் நண்பர். பெரிய ரேடியேட்டராகக் கட்டிக்கொடுத்தார். முள் இறங்கவில்லை. அவர் கடை வாசலிலேயே பானெட்டைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. மூடி, கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன், மறுபடி அடித்தது. அப்போதுதான் உறைத்தது. காற்று உள்ளே வர வழி பார்த்தோமே தவிர, அனல் வெளியே போக வழி வைக்கவில்லை!

புகைக்குழாய்க்கு ரைஸ்மில் பாய்லரில் சுற்றுகிற அஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றினேன். ஒயர்களுக்கு முன்னால் தகரத் தடுப்பு வைத்தேன். பானெட்டில் மீன் செவுள் மாதிரி வரிசையாக வெட்டித் தூக்கிவிட்டேன். கண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நல்லா இருந்த பானெட்டைக் கிழிச்சிட்டியே! பாய் வந்து உன்னைக் கிழிக்கப்போறாரு.”

மீனம்பாக்கம் வாசலில்

கத்திரி வெயில். பாயின் மச்சான் ரபீக் வளைகுடாவுக்குப் போகவேண்டும். அன்றோடு விசா முடிகிறது. பேசிவைத்த வாடகைக் கார் வரவில்லை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உச்சிவெயிலில் பாயின் செவுள் வெட்டிய வண்டியிலேயே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். ரபீக் வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். அது பாதியைத் தாண்டவே இல்லை.

ரபீக் உள்ளே ஓடி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தபோதுதான் பாய்க்கு மூச்சு வந்தது. பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் எங்கள் பானெட்டையே பார்த்தார். “இது எந்த ஊர் வேலைங்க?”

பாய் நெஞ்சை நிமிர்த்தினார். “திண்டிவனம்! பஸ் ஏறி வாங்க. உங்க வண்டி அதுவரைக்கும் தாங்காது.”

அன்றைக்கு என்ஜின் சூட்டை அடக்கிவிட்டேன். என் தலைக்கு ஏறினதை அடக்கத்தான் இன்றுவரை எந்த ரேடியேட்டரும் போதவில்லை.